சுடாத மணல்

அச்சுவேலிச் சந்தைக்குப் போகிற ஒழுங்கையில் உதயகலாவின் செருப்புக்கடை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் முதலில் ஏச்சு வாங்குவார்கள்; செருப்பு வாங்குவது அதற்குப் பிறகுதான். "என்ன அளவு?" என்று அவள் கேட்பதில்லை. "காலைத் தூக்குங்கோ பாப்பம்" என்பாள். வெங்காயம் விற்றுவிட்டு வந்த மனுசர் வேட்டியை ஒரு கையாலும் கதவு நிலையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் ஒற்றைக்காலில் நிற்பார். அவள் குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பாள், விரலிடுக்குகளை விரித்துப் பார்ப்பாள், பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள்.

"உதென்ன கறுப்பா?"

"முள்ளுப் போலை கிடக்கு, தங்கச்சி."

"உங்கடை காலிலை கிடக்கிறது முள்ளோ மண்ணோ எண்டு உங்களுக்கே தெரியேல்லை. சீனி வருத்தம் இருக்கோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சச் சீனி, கனக்கச் சீனி எண்டு ரெண்டு வருத்தம் கிடையாது. இருங்கோ உந்தக் கதிரையிலை."

அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுக்கொண்டார். முள்ளை அவள் தொடமாட்டாள். ஆசுபத்திரிக்குப் போய் எடுப்பித்து, மருந்து கட்டிக்கொண்டு வந்து காட்டினால்தான் செருப்பு. சந்தையில் வேறு செருப்புக்கடைகளும் இருக்கின்றன. அங்கே வாய் திறக்காமல் விற்கிறார்கள். என்றாலும் சனம் இவளிடம்தான் போகிறது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏச்சு விழாமல் வாங்கின செருப்புக் கடிக்கும் என்று ஒரு கிழவர் சொன்னார்.

உதயகலா ஐம்பதைத் தாண்டியவள். ஆள் கட்டை, நடை வேகம், குரல் ஒழுங்கை முழுவதற்கும் போதும். அவளுக்கு நீரிழிவு என்கிற அந்தச் சீனி வருத்தம் இல்லை. அதுதான் மற்றவர்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். "தனக்கு வந்திருந்தாத் தெரியும்" என்று பின்னால் முணுமுணுப்பார்கள். அவள் வெறுங்காலோடு நடந்ததை யாரும் கண்டதில்லை. குசினிக்கு ஒரு செருப்பு, முற்றத்துக்கு ஒரு செருப்பு, கிணற்றடிக்கு ஒரு செருப்பு. பட்டுத்துணியிலே நடக்கிற கால் என்று அயலில் பகிடி பண்ணுவார்கள்.

இந்தச் செருப்புப் பைத்தியம் அவளோடு பிறந்ததல்ல. அவளுடைய புருசன் சுதாகரன் லொறி ஓடினவர். சீனி வருத்தம் வந்தபோது டொக்டர் சொன்னார், நேர்ஸ் சொன்னார், சுவரில் ஒட்டியிருந்த படமும் சொன்னது. காலைப் பார், வெறுங்காலோடு திரியாதே, குளிசையை விடாதே. சொன்னவர்கள் எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். சுதாகரனும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனார். உடைந்த போத்தில் ஓடு காலில் ஏறினது அவருக்குத் தெரியவில்லை. புண் அழுகி மணந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் விரல், பிறகு கால், பிறகு ஆள். அந்த "ஓம்" என்ற சொல்லின் மேல் உதயகலாவுக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. யாராவது தலையை ஆட்டி "ஓம் ஓம்" என்றால் அவளுக்கு ரத்தம் தலைக்கேறிவிடும்.

"ஓம் வேண்டாம்" என்பாள். "செய்து காட்டுங்கோ."

புருசன் போன பிறகு அவள் இந்தக் கடையைப் போட்டாள். அண்ணன் பரமலிங்கத்துக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. "எங்கடை ஆக்கள் செருப்பு விக்கிறதோ?" என்று கேட்டுவிட்டுக் கன நாள் கதையாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் தோட்டத்துக் கத்தரிக்காய்ப் பையோடு வந்து கடைக் கதிரையில் இருந்தார். போகும்போது ஒரு சோடி றப்பர்ச் செருப்பைக் காலில் கொழுவிக்கொண்டு போனார். அவர்களுக்குள் சமாதானம் என்றால் அப்படித்தான்.

ஆசுபத்திரிச் சீனிக் கிளினிக்கில் தர்சிகா என்று ஓர் இளம் நேர்ஸ் இருக்கிறாள். உதயகலாவின் கடையில் செருப்பு வாங்குகிறவர்களின் கால் மட்டும் துப்புரவாக இருப்பதை அவள் கவனித்துவிட்டாள். ஒரு நாள் கடைக்கே வந்தாள்.

"அக்கா, நான் இவையளை மாதத்திலை ஒருக்காத்தான் பாக்கிறன். கிளினிக் வருகுதெண்டா நாலு நாளைக்கு முன்னம் எல்லாரும் பத்தியம். பாவக்காய்ச் சாறு, அரை வயிறு, நேரத்துக்குக் குளிசை. சோதனைக்கு ரத்தம் குடுத்து முடிய நேரே தேத்தண்ணிக் கடை. மிச்ச நாளுக்கு நான் என்ன செய்ய? நீங்கள் ஒருக்கால் பாக்கேலாதோ?"

"நான் பாத்தா ஏசுவன், பிள்ளை."

"ஏசுங்கோ அக்கா. நான் ஏசினா மேலை முறைப்பாடு போகும்."

இப்படித்தான் அது தொடங்கினது. பின்னேரங்களில் கடை வாசலில் கதிரைகள் போடப்பட்டன. சந்தையால் திரும்புகிறவர்கள் நின்று காலைக் காட்ட வேண்டும், பின்னேரக் குளிசையை அங்கேயே அவள் கண்ணுக்கு முன்னால் விழுங்க வேண்டும். செம்பிலே தண்ணீர் இருந்தது. விழுங்கியபின் வாயைத் திறந்தும் காட்டச் சொல்வாள்.

பக்கத்து வளவுப் பத்மாவதி சீனியை முற்றாக விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா. ரத்தத்தில் சீனி குறையவில்லை. உதயகலா ஒரு நாள் தேத்தண்ணி நேரம் பார்த்து அவ வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாள். பத்மாவதி ஒரு கையில் வெறும் தேத்தண்ணியும் மறு கையில் பனங்கட்டிக் குட்டானுமாக இருந்தா.

"பத்மாக்கா, உதென்ன?"

"பனங்கட்டி சீனியோடி? அது மரத்திலையிருந்தெல்லோ வருது!"

"சீனி என்ன மாட்டிலையிருந்தோ வருது?"

கனகலிங்கம் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நாள் தவறாமல் நடக்கிறார், வியர்க்க வியர்க்க நடக்கிறார், ஆனால் வயிறு வற்றவில்லை. ஒரு காலை உதயகலா பின்னாலே போய்ப் பார்த்தாள். அந்த மனுசர் சந்தித் தேத்தண்ணிக் கடை வரைக்கும் நடந்து, அங்கே எண்ணெயில் பொரித்த இரண்டு இனிப்பு வாய்ப்பனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். "திரும்பி வரச் சத்து வேணுமெல்லோ" என்பது அவருடைய நியாயம். அவருக்கு ஏச்சு விழுந்த விதத்தைத் தேத்தண்ணிக் கடைக்காரர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

ஆனால் ஏச்சு ஒரு கிழமைக்குத்தான் செல்லும் என்று உதயகலா கண்டுகொண்டாள். அதனாலே இந்த இருவரையும் ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டாள். கனகலிங்கம் காலை நடையைப் பத்மாவதியின் படலையடியில் திருப்ப வேண்டும், "குளிசை போட்டாச்சோ?" என்று கேட்க வேண்டும். அவ "போட்டாச்சு, நீங்கள் வாயைத் துடைச்சுக்கொண்டோ வாறியள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பின்னேரம் கடையில் இருவரும் தனித்தனியாக மற்றவரைப் பற்றிக் கோள் சொல்லலாம். தன் உடம்புக்காகச் செய்யாததை மனுசர் மற்றவரைப் பிடித்துக் கொடுப்பதற்காகச் சந்தோசமாகச் செய்வார்கள். இரண்டு பேருடைய ரத்தத்திலும் சீனி இறங்கிவிட்டது. தர்சிகா நம்பாமல் இரண்டாம் தரம் பரிசோதித்தாள்.

இப்படி ஊரையே வழிக்குக் கொண்டுவந்தவளுக்குச் சீனி வருத்தமுள்ள சொந்த அண்ணனை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.

பரமலிங்கம் சோம்பேறி இல்லை, கள்ளச் சாப்பாட்டுக்காரரும் இல்லை. குளிசை நேரத்துக்கு விழும். குரக்கன் பிட்டு என்றாலும் அளவுதான். தோட்டத்தில் செருப்போடுதான் நிற்பார். தங்கச்சியின் வாய்க்குப் பயந்தல்ல, தங்கச்சியின் கடைச் செருப்பு என்பதற்காக. ஆனால் காலைக் காட்டமாட்டார். "தமையன்ரை காலைப் பிடிச்சுப் பாக்கிற வேலை உனக்கு வேண்டாம், உதயா" என்பார். ஆவணியில் ஊர் முருகன் கோயில் கொடியேறினால் செருப்பு வீட்டுத் துணிக்கொடியில் தொங்கும், திருவிழா முடியுமட்டும் வெறுங்கால். சுவாமி வாகனத்தின் வலப்பக்க முன்தண்டு அவருடைய இடம். இளந்தாரிக் காலத்திலிருந்து அந்தத் தோளில்தான் சுவாமி வீதி சுற்றுகிறது.

அதற்கு மேல் ஒரு நேர்த்தியும் இருந்தது. அவருடைய ஒரே மகள் நிவேதனா கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய் வருசக்கணக்காகப் பிள்ளை இல்லை. பரமலிங்கம் மனைவியை முன்னமே இழந்தவர். பேரப்பிள்ளை என்ற ஒரு நினைப்பில்தான் எழும்பி நடமாடினார். உயிர் உள்ளவரை வெறுங்காலோடு உன்னைத் தோளில் காவுகிறேன், பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் கொடு என்று முருகனிடம் கேட்டார். சில வருசத்துக்கு முன்பு, ஒரு பகல் திருவிழா. வெள்ளை மணல் கொதித்துக் கிடந்தது. மற்றத் தண்டுக்காரர்கள் கால் மாற்றி மாற்றித் துடிக்கிறார்கள். பரமலிங்கத்துக்குச் சுடவில்லை. மணல் அவருக்குக் குளிர்ந்து கிடந்தது. அவர் நின்ற இடத்தில் நின்று அழுதார். அடுத்த மாதம் நிவேதனா ரெலிபோன் எடுத்து, "அப்பா, பிள்ளை தங்கியிருக்கு" என்றாள். ஆண்பிள்ளை பிறந்தது. பிறகு என்ன? சுடாத மணல் முருகனின் அருள் என்று ஊர் சொன்னது. பரமலிங்கம் அதை ஊருக்கு முன்னமே நம்பியிருந்தார்.

அது அருளோ என்னவோ, ஆனால் அது என்ன வருத்தம் என்று உதயகலாவுக்குத் தெரியும். சுதாகரனுக்கும் போத்தில் ஓடு குத்தினது தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளும் நாக்கு அண்ணனுடைய முகத்தைக் கண்டதும் மடங்கிவிட்டது. பேரனின் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டுகிற மனுசரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டதற்குப் போன வருசம் விலை கொடுத்தார்கள். திருவிழா முடிந்து கால் பெருவிரல் கறுத்தது. பெரியாசுபத்திரியில் விரலை எடுத்தார்கள். "இன்னொருக்கா இப்பிடி வந்தா முழங்காலுக்குக் கீழை மிஞ்சாது" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். பரமலிங்கம் "ஓம்" என்றார்.

இந்த முறை உதயகலா முன்கூட்டியே ஆயத்தமானாள். தடித்த நூல் மேசு, காலுறைதான், வாங்கி, அடியிலே மடித்த கன்வஸ் துணியை வைத்துத் தைத்தாள். தோல் இல்லை, றப்பர் இல்லை, வெறும் துணி. கொண்டுபோய்க் கோயில் ஐயரிடம் காட்டினாள். ஐயர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணிதானே, பிள்ளை. துணிக்கு என்ன துடக்கு, தீட்டு? தாராளமாப் போடட்டும்." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்து, "எனக்கும் ஒரு சோடி கிடைக்குமோ? எனக்கும் சீனிதான்" என்றார்.

ஐயருக்கு ஒரு சோடி, கனகலிங்கத்துக்கு ஒரு சோடி, பத்மாவதிக்கு ஒரு சோடி என்று அவள் தைத்துத் தள்ளினாள். ஊரிலே சீனிக்காரர் எல்லாரும் மேசோடு கோயிலுக்குப் போக ஆயத்தமாகிவிட்டார்கள். பரமலிங்கம் மட்டும் அந்த மேசுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கேன் உது? எனக்குச் சுடுறேல்லை."

அப்போதுதான் அவள் சொன்னாள். சொல்லக் கூடாது என்று இத்தனை காலம் விழுங்கினதைச் சொன்னாள்.

"அண்ணை, அது அருள் இல்லை. உங்கடை கால் செத்துப் போச்சு. சீனி திண்டிட்டுது. நெருப்பிலை வைச்சாலும் உங்களுக்குத் தெரியாது. என்ரை மனுசனுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது."

பரமலிங்கம் கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை. பேரனின் படம் கொழுவியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"தர்சிகாப் பிள்ளையும் உதைத்தான் சொன்னது. எனக்கு விளங்காமலில்லை, உதயா. செத்ததெண்டே வைச்சுக்கொள்ளு. அவர்தானே எடுத்தார். பிள்ளையைத் தந்தவர் காலைக் கேட்டால் குடுக்கிறதுதான். இப்ப நான் மேசு போட்டுக்கொண்டு போய், அவர் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் நான் என்ன செய்வன்?"

உதயகலா மேசுகளைச் சுருட்டிப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்தாள். இரண்டு மூன்று நாள் கடையில் சத்தம் இல்லை. காலைத் தூக்கி நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். சனம் பயந்துபோனது. "அக்காவுக்கு என்னவோ, வாய் அடைச்சுப் போச்சு" என்று கனகலிங்கம் போய்ப் பத்மாவதிக்குச் சொன்னார். உண்மையில் அவளுக்குப் பயம்தான் பிடித்திருந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று, மேசு தைத்துப் பார்த்தாயிற்று, ஐயரிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. இனி முழங்காலுக்குக் கீழே இல்லாமல் அண்ணன் கட்டிலில் கிடப்பதைப் பார்க்க வேண்டியதுதானோ என்று நினைத்தாள். சுதாகரனுக்குச் சோறு குழைத்துத் தீத்தின கை அவளுடையது. இன்னொருவருக்கு அதைச் செய்ய அவளால் ஏலாது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"நாளைக்கு நானும் வாறன். நீங்கள் காவுற நாளெல்லாம் நான் பின்னாலை அடியழிக்கப் போறன்."

அடியழிப்பு என்பது அங்கே பெண்கள் செய்கிற நேர்த்தி. அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு எழுந்து வீதியைச் சுற்றி வருவது.

"நீயோ?" என்றார் பரமலிங்கம். "முற்றத்திலையே செருப்போடை நடக்கிறவளோ? உனக்கென்ன நேர்த்தி?"

"நீங்கள் கால் குடுக்கப் போறியளெண்டா, வீட்டிலை இருக்கிற காலெல்லாத்தையும் சேத்துக் குடுப்பம். எனக்கு உங்களை விட்டா ஆர்?"

"விசர்க்கதை கதையாதை. தெற்கு வீதி தாண்டமாட்டாய்."

"பாப்பம்."

கொடியேற்றத்தன்று பகல், சுவாமி வெளியே வரும்போது வெயில் உச்சியில் நின்றது. காலையில் பவுசர் லொறியால் அடித்த தண்ணீர் போன இடம் தெரியவில்லை. வாசல் சீமெந்தில் உதயகலா தன் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினாள். முதலில் கூசியது. பிறகு சுட்டது. அடுத்த அடியிலே "ஐயோ முருகா!" என்று அவளுடைய வாயை மீறிச் சத்தம் வந்தது. மற்றவர்கள் நிழலுக்கு நிழல் ஓடித் தப்பினார்கள். அவளால் ஓட முடியாது. அடிக்கு அடி விழுந்து எழும்ப வேண்டும். உள்ளங்கையும் முழங்காலும் சேர்ந்து எரிந்தன. தெற்கு வீதியில் வேம்பின் நிழல் இருந்ததால் ஒரு மாதிரிச் சமாளித்தாள்.

மேற்கு வீதி வெட்டவெளி. மூலையில் சுவாமி நின்றது. மேளக்காரர் அங்கேதான் வாசிப்பார்கள். நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேசு போட்ட கனகலிங்கம் பின்னால் நிம்மதியாக நின்று தாளம் போட்டார். தண்டு பிடித்தவர்கள் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள். பரமலிங்கம் மட்டும் அசையாமல் நின்றார். "பாருங்கோ, என்ன மாதிரி நிக்கிறார். முருகன்ரை பிள்ளை" என்று ஒரு பெண் பக்கத்தில் சொன்னாள். உதயகலாவுக்கு அந்தப் பெண்ணின் வாயிலே போட வேண்டும் போல இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்று, அதைத் தூக்கி இதில் நின்று, முகமெல்லாம் கண்ணீராக நிற்பதைக் கண்டார்.

"நடிக்காதை, உதயா" என்றார், சிரித்தபடி. "போய் நிழலிலை நில்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மணலில் விழுந்தாள். அவர் பிறகு சிரிக்கவில்லை. வடக்கு வீதி முழுக்க அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். முன்தண்டு திரும்பினால் சுவாமி சரியும் என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

சுவாமி உள்ளே போனதும் உதயகலா தண்ணீர்க் குழாயடியில் போய் விழுந்தாள். காலைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு இருந்தாள். பத்மாவதி ஓடிவந்து விசிறினா. பரமலிங்கம் தோள் துவாயும் வியர்வையுமாக வந்தார். வந்தவர் நிலத்தில் குந்தி, தங்கச்சியின் காலைக் கையில் எடுத்தார். தமையன் தங்கச்சியின் காலைத் தொடுவது அங்கே வழக்கமில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளங்கால் முழுவதும் சிவந்து, குதியிலும் விரலடியிலும் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் விரலால் மெல்லத் தொட்டார். அவள் அலறினாள்.

"எடி, உண்மையாவே இவ்வளவு சுட்டதோ?"

"நீங்கள் நிண்ட மணலிலைதான் நானும் நிண்டனான், அண்ணை."

அவர் கொஞ்ச நேரம் அவளுடைய காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயடிச் சீமெந்துக் கட்டின் மேல் ஏறி இருந்தார். வேட்டியை ஒதுக்கி, தன் வலக்காலைத் தூக்கித் தங்கச்சியின் மடியில் வைத்தார். அவராகக் காலைக் காட்டியது அதுதான் முதல் தரம்.

"பார். ஒண்டுமில்லைத்தானே?" என்றார்.

உதயகலா பார்த்தாள். விரல்களின் அடியிலிருந்து நடுப்பாதம் வரை தோல் கழன்று சுருண்டிருந்தது. உள்ளே சிவந்த சதையில் மணல் அப்பியிருந்தது. அவர் மேலே இருந்து குழந்தை மாதிரி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! வாழ்க்கையில் எத்தனை பேரை ஏசியிருப்பாள். இப்போது ஓர் ஏச்சும் வரவில்லை. அண்ணனுடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழாயடியில் இருந்து பெருங்குரலில் அழுதாள். அந்த அழுகையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஓட்டோ பிடித்து அந்த நேரமே கொண்டுபோனார்கள். தர்சிகா கழுவித் துப்புரவாக்கி, அங்கிருந்து பெரியாசுபத்திரிக்கு அனுப்பினாள். சுட்ட உடனே கண்டதால் தப்பினது என்று அங்கே சொன்னார்கள். இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு. காயம் ஆற மழைகாலம் கடந்துவிட்டது. அந்தத் திருவிழா முழுக்க முன்தண்டை வேறொருவர் பிடித்தார். ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து பரமலிங்கம் நாள்தோறும் கனடாவுக்கு ரெலிபோன் எடுத்து, "பிள்ளை சுகமோ? காய்ச்சல் ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார். பிள்ளை சுகமாகத்தான் இருந்தது. நிவேதனாவுக்குத்தான் அப்பாவுக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று பிடிபட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கத்தைத் தானே பழகிக்கொண்டார். பின்னேரம் கடைக்கு வருவார், ஒருவரும் சொல்லாமல் கதிரையில் இருந்து காலைத் தூக்குவார். எங்கேயாவது செருப்புக் கழற்ற வேண்டிய இடம் என்றால் தங்கச்சியைப் பார்ப்பார். அவள் முதலில் காலை வைத்துப் பார்த்துச் சொல்வாள். "பரமலிங்கத்தின்ரை கால் உதயகலாவிட்டை இருக்கு" என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். அவரும் ஓம் என்று சிரித்தார். அந்த ஓமுக்கு அவள் கோபிக்கவில்லை.

அடுத்த ஆவணிக்கு நிவேதனா பேரனோடு வந்தாள். தேர்த்திருவிழா அன்று எல்லாரும் கோயில் வாசலில் நின்றார்கள். தண்டை இளந்தாரிகளுக்கு விட்டுவிட்டு, தேர் வடத்தில் பேருக்குக் கை வைப்பதென்று பரமலிங்கம் ஒத்துக்கொண்டிருந்தார். அதுவும் மேசோடு. என்றாலும் முகத்தில் தெளிவு இல்லை. காலையிலிருந்து பேரனுடைய கையைப் பிடித்த பிடி விடவில்லை. விட்டால் யாரோ கொண்டுபோய்விடுவார்கள் என்பது போல. உதயகலா வழக்கம்போல முதலில் மணலில் ஒரு விரலை வைத்தாள்.

"ஐயோ, கொதிக்குது. போடுங்கோ, அண்ணை."

மேசு போடக் குனிந்தவர் பேரனின் கையை விட்டார். அந்தக் கண்ணிமைப்பில் பேரன் வாசல் சீமெந்திலிருந்து மணலுக்குக் குதித்தான். குதித்தவன் வீதியே திரும்பிப் பார்க்கக் கத்தினான். நிவேதனா "ஐயோ என்ரை பிள்ளை" என்று பாய்ந்தாள். ஆனால் பரமலிங்கம் ஒரு காலில் மேசும் மறு கால் வெறுமையுமாக அவளுக்கு முன்னமே இறங்கிவிட்டார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். உதயகலா அவருடைய கையைப் பிடித்துச் சீமெந்துக்கு இழுத்தாள். பிள்ளை இரண்டு காலையும் உதறி உதறிக் கத்தியது.

"சுட்டதோடா? சுட்டதோ, ராசா?" அவர் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது. சிவந்திருந்த அந்தச் சின்ன உள்ளங்காலை வாயால் ஊதினார். "உதயா, கேட்டியோ? இவனுக்குச் சுடுதடி!"

மேளச்சத்தம் தொடங்கிவிட்டது. அவர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் காதோடு சொன்னார்:

"கத்தடா ராசா. நல்லாக் கத்து."